அருட்திரு டாக்டர் வருகிறார், வழி விடுங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ஊதாத் துணிக்குக் கிராக்கி குறைவதே இல்லை. தீபாவளித் துணிக்குப் பருவம் உண்டு. ரமலான் துணிக்குப் பருவம் உண்டு. ஊதாவுக்குப் பன்னிரண்டு மாதமும் பருவம்தான். யாரோ ஒருவர் பேராயர் ஆகிக்கொண்டே இருக்கிறார். யாரோ ஒருவர் டாக்டர் ஆகிக்கொண்டே இருக்கிறார். கடைக்காரர் மீட்டர் போட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். தையல்காரர் மார்பளவு எடுக்கிறார், தோளளவு எடுக்கிறார், தொப்பிக்காகத் தலையளவும் எடுக்கிறார். தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அது செமினரியின் வேலை. செமினரிதான் பார்ப்பதில்லை.

அந்த அங்கியைப் பின்தொடர்ந்து போனால் ஏதாவது ஒரு ஹோட்டல் மண்டபத்தில் போய் நிற்போம். மேடை, மாலை, பேனர். பேனரில் 'அனைத்துலக' என்று தொடங்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். அதற்கு வளாகம் கிடையாது. நூலகம் கிடையாது. வாட்ஸ்அப் எண் உண்டு. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் பட்டியலில் தேடினால் கண்தான் வலிக்கும். மதிப்புறு முனைவர் பட்டம் வாங்க வருகிறவரிடம் ஆய்வேடு கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு கேட்பார்கள். கட்டணம் என்று சொல்லக் கூடாது, 'ஊழிய நன்கொடை' என்று சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முனைவர். அதற்கு மேல் பஃபே.

மறுநாளே சபையின் பெயர்ப்பலகையில் அருட்திருவுக்குப் பக்கத்தில் டாக்டர் ஏறிவிடுவார். இந்த நாட்டில் டத்தோ ஆவதற்கு ஒரு சுல்தானாவது ஆளுநராவது வேண்டும். (போலி டத்தோக்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.) அருட்திரு டாக்டர் ஆவதற்கு வங்கிக் கணக்கு போதும்.

இந்தக் கடையில் எல்லாச் சபைக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரையும் விட்டுவிட மனமில்லை. ஆனாலும் அந்த வரிசையில் ஒரு லுத்தரனைப் பார்த்தால் வருகிற கோபம் தனி. காரணம் இருக்கிறது.

மார்ட்டின் லுத்தர் 1512 அக்டோபரில் விட்டன்பர்க்கில் இறையியல் டாக்டர் ஆனார். பட்டத்துக்கான கட்டணத்தைச் சாக்சனியை ஆண்ட பிரெடரிக் கட்டினார். சும்மா கட்டவில்லை. ஆயுள் உள்ளவரை அங்கே வேதம் கற்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கட்டினார். லுத்தரும் 1546இல் சாகும்வரை கற்பித்தார். பட்டம் வாங்கிய ஐந்தாம் ஆண்டில், 1517இல், 95 வாதங்களை எழுதினார். எதை எதிர்த்து? காசுக்குக் காகிதம் விற்பதை எதிர்த்து. பணம் போட்டால் பாவமன்னிப்புச் சீட்டு என்று டெட்சல் என்ற துறவி ஊர் ஊராகக் கூவி விற்றுக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டு வியாபாரத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்ததுதான் லுத்தரன் திருச்சபை. அதன் பிள்ளைகள் இன்று காசு கொடுத்துக் காகிதம் வாங்குகிறார்கள். டெட்சலின் சீட்டாவது பரலோகம் வரை செல்லும் என்று ஜனங்கள் நம்பினார்கள். இவர்கள் வாங்குகிற சீட்டு விசிட்டிங் கார்டைத் தாண்டிச் செல்லாது.

அந்த 95 வாதங்களின் 500ஆம் ஆண்டு 2017இல் வந்தது. லுத்தரன் உலகச் சம்மேளனம் நமீபியாவின் விண்ட்ஹூக்கில் கூடியது. மீட்பு விற்பனைக்கு அல்ல, மனிதர் விற்பனைக்கு அல்ல, படைப்பு விற்பனைக்கு அல்ல என்று மூன்று முழக்கங்கள் வைத்தார்கள். நல்ல முழக்கங்கள். நான்காவதாகப் பட்டம் விற்பனைக்கு அல்ல என்று ஒன்றைச் சேர்த்திருந்தால் நம் ஊரில் ஊதாத் துணி மூட்டை மூட்டையாகத் தேங்கியிருக்கும்.

விட்டன்பர்க் தூரத்து ஊர். நம் சொந்தக் கதைக்கு வருவோம். இதைச் சொல்லும்போதுதான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு, புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்குவுக்கு டாக்டர் பட்டம் கிடையாது. ஜெர்மனியின் ஹாலேயில் தொடங்கிய படிப்பைக்கூட உடம்பு சரியில்லாமல் பாதியில் விட்டவர். நம் ஹோட்டல் மண்டபத்தின் வாசலில் வைத்தே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்த மனிதர் என்ன செய்தார்? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தான் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதி முடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். ஒவ்வொன்றையும் பற்றித் தன் குறிப்பு. கிறிஸ்தவ நூல்களோடு நிற்கவில்லை. இந்துச் சமய நூல்கள், நீதி நூல்கள், இலக்கணம், தமிழ் முஸ்லிம்களின் நூல்களுக்கு ஒரு தனிப் பகுதி. ஊர் ஊராக ஆள் அனுப்பி, இறந்துபோன பண்டிதர்களின் விதவைகளிடம் சுவடி வாங்கியிருக்கிறார். அதே 1708இல் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதி வெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். நடுவில் டேனிஷ் கம்பெனியின் தளபதி அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டார். நம்மவர்களுக்கு வைஃபை நான்கு மணி நேரம் போனால் பிரசங்கம் இல்லை.

பிறகு அச்சகம். ஹாலேயிலிருந்து 1713இல் தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்ததாக அச்சு வரலாற்றில் சொல்வார்கள். பொறையாறு பக்கத்தில் காகித ஆலை வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் லத்தீனில் வெளியானது. அதே ஆண்டு தரங்கம்பாடியில் எட்டு மாணவர்களை வைத்து ஒரு செமினரி தொடங்கினார். 1719இல் செத்துப் போனார். வயது 36. அந்த வயதில் நம் ஊழியர்கள் சபைக்கு வேன் வாங்கலாமா, எந்த நிறத்தில் வாங்கலாம் என்று கமிட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சீகன்பால்குவைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. மதம் மாற்ற வந்தவர்தான். தமிழர் சமயத்தைப் பற்றிக் கடுமையாக எழுதியவர்தான். ஆனால் திட்டுவதற்கு முன்னால் படித்தார். 1712 முதல் தமிழ் இந்துக்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். எதிராளியின் வாயால் எதிராளியின் மதத்தைக் கேட்டார். இன்று மேடையில் நின்று பக்கத்து வீட்டுக்காரனின் சாமியைக் கிழிக்கிற போதகருக்கு ஆதாரம் என்ன? யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயில். இரண்டும் காலில் இடறுகின்றன. இந்தப் பகுதியில் ஊழியம் செய்கிற எத்தனை போதகர்களுக்கு ஒரு தேவாரப் பதிகமாவது தெரியும்? சீறாப்புராணத்தை எத்தனை பேர் கையில் எடுத்திருப்பார்கள்? கப்பலில் மாதக்கணக்கில் வந்தவன் படித்தான். எல்ஆர்டி ரயிலில் இரண்டு நிறுத்தம் வருகிறவருக்கு நேரமில்லை.

மேலிடம் என்பது அப்போதும் மேலிடம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவருடைய மேலதிகாரி பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்பது அவர் வாதம். கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள் போனது. 1867இல் ஜெர்மான் என்பவர் சென்னையில் அச்சிடும்வரை வெளியே வரவில்லை. 154 ஆண்டு. ஆகவே அறிவை மூடி வைக்கிற மேலிடம் புதிதில்லை. மூடி வைப்பதற்கு அன்று ஒரு நூலாவது இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அவருக்குப் பின்னால் பப்ரிசியுஸ். விவிலியத்தைத் தமிழில் புதிதாகப் பெயர்த்தவர். அந்த மொழிபெயர்ப்பைத் தலைமுறை தலைமுறையாக லுத்தரன் வீடுகளில் வாசித்தார்கள். 1779இல் சுமார் 9,000 சொற்களோடு ஒரு தமிழ் அகராதி தந்தார். பணக் கணக்கு மட்டும் அவருக்கு வரவில்லை. ஊரார் பணத்தை வாங்கித் தகாதவர்களிடம் கொடுத்து ஏமாந்து கடனாளியாகிச் சிறைக்குப் போனார். கணக்குத் தெரியாதவர் அகராதி கொடுத்துவிட்டுப் போனார். இன்று திருச்சபைச் சொத்துக் கணக்கெல்லாம் பலருக்குத் தலைகீழ்ப் பாடம். அகராதியைத்தான் காணோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் கிரவுல். லைப்சிக் மிஷனின் இயக்குநர். அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கை விட்டுக்கொண்டிருக்க வேண்டிய பதவி. அவரோ 1849இல் கிளம்பி இந்தியா வந்து தமிழ் படித்தார், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். லத்தீனிலும் பெயர்த்தார். அடுத்து ஷோமெருஸ். சைவ சித்தாந்தம் பற்றி 1912இல் தடித்த நூல், 1923இல் திருவாசகத்தின் ஜெர்மன் பெயர்ப்பு. ஒரு லுத்தரன் மிஷனரி மாணிக்கவாசகரை உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறார். அவருக்கும் பின்னால் சுவீடனிலிருந்து வந்த கார்ல் குஸ்தாவ் டீல், தென்னிந்தியச் சடங்குகளைப் பற்றி 1956இல் ஆய்வு நூல் வெளியிட்டார். 1967இல் தரங்கம்பாடிப் பேராயர் ஆனார். முதலில் நூல். பிறகு ஊதா. வரிசையைக் கவனியுங்கள்.

இந்த மரபுக்குக் கோலாலம்பூரில் வாரிசு இல்லையா என்றால் இருக்கிறது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலைக்கும் தோட்டங்களுக்கும் வந்த தமிழ் லுத்தரன்களைக் கவனிக்க 1907 வாக்கில் லைப்சிக் மிஷன் போதகரை அனுப்பியது. பிரிக்பீல்ட்ஸ் அப்துல் சமாட் சாலையில் 1924இல் கட்டிய சீயோன் ஆலயம் இன்றும் நிற்கிறது. நேராகத் தரங்கம்பாடியிலிருந்து வருகிற ரத்தம். அந்த ஆலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பந்தாயில், மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே 1961 முதல் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஒரு பாதிரியார். தனிநாயகம் அடிகள். லுத்தரன் இல்லை, கத்தோலிக்கர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இந்தக் கோலாலம்பூரில்தான் நடத்தினார். பாதிரியார் ஒருவர் ஆய்வாளராக இருப்பது எப்படி என்று கண்முன்னே ஒரு மனிதர் நடமாடிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாம் அவரிடமிருந்து கற்றது, அவர் பெயரில் நினைவு விழா நடத்துவது.

விழாவில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2006 வந்தது. சீகன்பால்கு இறங்கி 300 ஆண்டு. ஊர்வலம், மலர், சால்வை, பொன்னாடை. அதே ஆண்டில் ஹாலேயிலிருந்து இந்தியாவில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளிவந்தன. ஹாலே நூல் போட்டது. நம்மவர்கள் பேனர் போட்டார்கள். 2017இல் மறுபடி விழா. வசதி படைத்தவர்கள் விட்டன்பர்க்குக்குப் பறந்து போய் அந்த ஆலயக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு விமான டிக்கெட்டின் விலையில் ஒரு சபைக்கு எத்தனை நூல் வாங்கலாம் என்று கேட்டால் நாம் விசுவாசமில்லாதவர்கள்.

சீகன்பால்குவின் 1708 அட்டவணையை இன்று ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்றால் எங்கே போக வேண்டும்? 2012இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில் ஸ்வீட்மேன், இலக்குவன் என்ற தமிழறிஞரோடு சேர்ந்து பதிப்பித்தார். வெளியிட்டவை புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனங்கள். எழுதியவர் ஜெர்மானியர், எழுதியது தமிழ் நூல்களைப் பற்றி, பதிப்பித்தது நியூசிலாந்து, வெளியிட்டது பிரான்ஸ். இதில் நம் செமினரிகள் செய்த திருப்பணி என்ன? வெளியீட்டு விழா நடந்திருந்தால் ஆரம்ப ஜெபம் செய்திருப்பார்கள். தெய்வங்களைப் பற்றிய அந்த 1713 நூலுக்கு மூலத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வந்தது. செய்தவர் டேனியல் ஜெயராஜ், நம் தமிழர், சென்னைக் குருகுலம் இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். அவர் அங்கேயே இருந்தாரா? அமெரிக்கா போனார், பிறகு லிவர்பூல். மதுரையில் இறையியல் கற்பித்த தாமஸ் தங்கராஜ் அட்லாண்டா போனார். தலையுள்ளவன் கப்பலேறினால் நமக்கு வழியனுப்பு விழா நடத்தத் தெரியும். தங்கியிருந்தால் விசாரணைக் குழு.

பப்ரிசியுஸ் அகராதியின் கதை இன்னும் ருசியானது. அதன் நான்காம் பதிப்பு, திருத்தி விரித்து, தரங்கம்பாடியில் 1972இல் வந்தது. இன்று ஒரு சொல்லுக்குப் பொருள் தேட நாம் திறப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பை. அதே சிகாகோவில் ஒரு பெரிய லுத்தரன் செமினரி இருந்தது. கட்டடத்தைப் பராமரிக்க முடியவில்லை. விற்றுவிட்டு 2023இல் ஒரு கத்தோலிக்க இறையியல் கல்லூரியின் நாலாவது மாடிக்குக் குடிபோனது. கட்டடத்தை வாங்கியது யார்? சிகாகோ பல்கலைக்கழகம். அகராதியும் அவர்களிடம், கட்டடமும் அவர்களிடம். லுத்தரன்களுக்கு மிச்சம் லுத்தரின் படம்.

அமெரிக்காவில் மாணவர் இல்லை, பணமில்லை. 1826இல் தொடங்கிய கெட்டிஸ்பர்க் செமினரியே 2017இல் பிலடெல்பியாவோடு இணைந்துதான் மூச்சு விடுகிறது. அவர்களுக்கு அந்தச் சாக்கு உண்டு. நமக்கு? ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்த இடமில்லை. எல்ஈடி திரைக்குப் பணம் இருக்கிறது. ஒலிபெருக்கிக்குப் பணம் இருக்கிறது, அதுவும் பக்கத்துத் தெருவரை கேட்கிற அளவுக்கு. புத்தகத்துக்கு என்று வரும்போதுதான் பொருளாளருக்கு இருமல் வருகிறது.

எல்லாம் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கதை, இப்போது அதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 1927இல் தொடங்கிய சென்னைக் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில்தான் 1987இல் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலுக்குத் தனித் துறை ஏற்படுத்தினார். உலகமே திரும்பிப் பார்த்தது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபையும் கூடி 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில்தான் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டிலிருந்து இறையியல் எடுத்தார். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். தாத்தா காலம் இல்லை இது. நம் கண்ணெதிரே நடந்தது. அதாவது விளக்கு நேற்றுவரை எரிந்தது. அணைத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், மேடையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் திருச்சபைகளில் பேராயர் தேர்தல் வந்தால் வழக்கு, சொத்து என்றால் வழக்கு. கிரேக்கம் எபிரெயம் மறந்தாலும் பிரமாணப் பத்திரத்தின் மொழி சரளமாக வருகிறது.

இங்கே செரம்பானில் ஒரு செமினரி இருக்கிறது, 1979இல் தொடங்கியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் திருச்சபைகள் கூட்டாக நடத்துவது. தமிழிலும் இறையியல் படிக்கலாம். அதை நான் குறை சொல்லப் போவதில்லை. அங்கே அனுப்புகிற ஆளைப் பாருங்கள். மூத்தவன் டாக்டருக்குப் படிக்கிறான், நிஜ டாக்டர். இரண்டாவது பெண் சட்டம். எஸ்.பி.எம். தேர்வில் கணக்கிலும் வரலாற்றிலும் தவறிய மூன்றாவது பையனைத்தான் 'கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டோம்' என்று அம்மா கண்ணீரோடு சாட்சி சொல்கிறார். சபையே ஸ்தோத்திரம் சொல்கிறது. கர்த்தர் மறுத்துப் பேச முடியாது என்ற தைரியம். அந்தப் பையன் அங்கே போய் ஒழுங்காகப் படித்துத் திரும்பினால் அவனுக்கு நாம் கொடுக்கிற சம்பளத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாமாக் கடையில் ரொட்டி போடுகிறவர் அவனை விட நிம்மதியாக இருப்பார். பிறகு ஏன் அவன் ஹோட்டல் மண்டபத்துக்குப் போக மாட்டான்? படிப்புக்கு மரியாதை இல்லாத இடத்தில் பட்டத்துக்கு மரியாதை இருக்கிறது என்று நாம்தானே கற்றுக்கொடுத்தோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சபை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு நூலகம் இருப்பதாகப் பலகை சொன்னது. மூப்பரிடம் கேட்டேன்.

"அங்கிள், லைப்ரரியத் திறந்து பாக்கலாமா?"

"சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியலயே தம்பி."

"கடைசியா எப்பத் திறந்தீங்க?"

"கிறிஸ்மஸுக்கு. உள்ளாறதான் சாப்பாட்டுத் தட்டெல்லாம் அடுக்கி வச்சிருக்கோம்."

அவர் பொய் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டுகள் சுத்தமாக இருந்தன. புத்தகங்களைத்தான் கரையான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சபையில் மனம் ஊன்றிப் படித்த ஒரே ஜீவன்.

விளைவு ஞாயிறுதோறும் மேடையில் தெரிகிறது. ஆங்கிலப் பிரசங்கம் ஒன்றை இறக்கி, இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கி, வாசிக்கிறார்கள். தமிழ் என்று பெயர், ஒரு வாக்கியமும் நடக்காது. நடுவில் ஐயா குரலைத் தாழ்த்தி, "மூலமொழியில் இதற்கு ஆழமான அர்த்தம் உண்டு" என்பார். என்ன அர்த்தம் என்று சொல்ல மாட்டார். நாமும் தலையாட்டுவோம். பிறகு ஒரு குட்டிக்கதை. கழுகு நாற்பதாவது வயதில் பாறையில் மோதித் தன் அலகை உடைத்துக்கொள்கிற கதை. எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை என்று பறவைகளைப் பற்றிப் படித்த பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். ஊதா அங்கிக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் சபையை விட்டுப் போய்விடுகிறது. உலக ஆசை இழுத்துவிட்டது என்று அதற்காக உபவாச ஜெபம் வைக்கிறார்கள். இழுத்தது உலகம் இல்லை ஐயா. தள்ளியது கழுகு.

பணத்தைக் கேட்டால் கோபம் வருகிறது. கேட்கத்தான் வேண்டும். காணிக்கை நம்முடையது. தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவும் ரயில்வேயில் டிக்கெட் கிழித்த தாத்தாவும் போட்ட சில்லறையில் எழும்பிய கட்டடங்கள் இவை. அந்தச் சில்லறையில்தான் பெயர்ப்பலகை மாறுகிறது, பேனர் ஏறுகிறது, 'ஊழிய நன்கொடை' போகிறது. அந்தத் தாத்தா பப்ரிசியுஸ் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு சொல் புரியாவிட்டால் போதகரிடம் கேட்டார். போதகருக்குப் பதில் தெரிந்திருந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற உங்களிடம். அடுத்த ஞாயிறு 'அருட்திரு டாக்டர்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் ஆராதனை முடிந்ததும் மரியாதையாக அவரிடம் போங்கள். மூன்றே கேள்வி. ஐயா, உங்கள் ஆய்வேட்டின் தலைப்பு என்ன? உங்களுக்கு வழிகாட்டியவர் யார்? அது எந்த நூலகத்தில் இருக்கிறது, நாங்கள் போய்ப் படிக்கலாமா? பதில் சொல்கிறவர் கையைப் பிடித்து முத்தம் கொடுங்கள், அவருக்குச் சம்பளம் கூட்டச் சொல்லிக் கமிட்டியில் சண்டை போடுங்கள். பதில் சொல்லாமல் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்கிறவரிடம் ஒன்றும் பேச வேண்டாம். அடுத்த வாரம் காணிக்கைப் பை வரும்போது பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுங்கள்.